டி.பி. பாக்ஸ், யு.பி.எஸ். லைன், இன்டர்நெட் கேபிள்: பூச்சுக்கு முன்னால் எதைத் தேர்ந்தெடுப்பது?

வயரிங் சம்பந்தமாக எந்தக் கேள்வி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இது பூச்சுக்கு உள்ளே போகிற சமாச்சாரமா, வெளியே நிற்கிற சமாச்சாரமா? பைப், பெட்டியின் அளவு, எத்தனை நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகிற வயர்) தனியாக இழுக்கிறோம் என்பதெல்லாம் உள்ளே போகிறவை. ட்ரிப்பர், ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் வெளியே நிற்பவை. வெளியே நிற்பதை ஐந்து வருடம் கழித்து ஒரே பிற்பகலில் மாற்றிவிடலாம். உள்ளே போனதை மாற்ற மேஸ்திரியும் பெயின்டரும் திரும்ப வர வேண்டும். நம் ஊரில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. ஸ்விட்ச் பிளேட்டின் நிறத்துக்கு வீடே கூடி யோசிக்கிறது. டி.பி. பாக்ஸ், அதாவது ட்ரிப்பர்கள் உட்காருகிற பெட்டி, எத்தனை வழி என்பதை வயர்மேன் கடைக்குப் போகிற வழியில் முடிவு செய்கிறார்.

பேச வசதியாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அரை கிரவுண்ட் மனை, தரைத்தளமும் ஒரு மாடியும், மூன்று படுக்கையறை. மூன்று ஏ.சி., இரண்டு கீசர், ஒரு இண்டக்ஷன் அடுப்பு, போர் மோட்டார், வாஷிங் மெஷின், விளக்கு ஃபேனுக்கு யு.பி.எஸ். இன்றைக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், நாளைக்குக் காராகலாம். மொட்டை மாடியில் சோலார் போடலாமா என்ற யோசனை வேறு. தாம்பரத்துக்குத் தெற்கேயும் கோவை சரவணம்பட்டிப் பக்கமும் இன்று எழும்புகிற தனி வீடுகள் பலவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன.

சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா

இதில் பெரிய விவாதம் தேவையில்லை. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றுக்கு 1.6 கிலோவாட் என்று வைத்தால் மூன்றுக்கு 4.8. ஒரு கீசர் 2, இண்டக்ஷன் 2, ஒரு எச்.பி. மோட்டார் இழுப்பது சுமார் 1.1. மொத்தம் 9.9 கிலோவாட். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 43 ஆம்பியர். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பது சரிதான். ஆனால் மே மாத இரவில் மூன்று ஏ.சி.யும் ஓடும்போது ஸ்கூட்டரும் சார்ஜ் ஆகும். இதையே மூன்று பேஸில் சமமாகப் பிரித்தால் பேஸுக்குப் பதினைந்து ஆம்பியருக்குள் அடங்கிவிடும். வீட்டு மின்கட்டணத்தில் யூனிட் விலை இரண்டுக்கும் ஒன்றே. குறிப்பிட்ட கிலோவாட்டுக்கு மேல் போனால் ஈ.பி.யே த்ரீ பேஸ்தான் கொடுக்கும். ஒரு ஏ.சி.யோடு நிற்கிற சின்ன வீட்டுக்கு சிங்கிள் பேஸ் போதும். மேலே சொன்ன வீட்டுக்கு த்ரீ பேஸ்தான்.

த்ரீ பேஸில் ஒரு ஆபத்து உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. கம்பத்திலிருந்து வருகிற நியூட்ரல் அறுந்துபோனாலோ மெயினில் அதன் திருகு தளர்ந்துபோனாலோ, 230 வோல்ட்டுக்குச் செய்த சாமான்கள் இரண்டு பேஸுக்கு நடுவில் தொடராக மாட்டிக்கொள்ளும். இரண்டு பேஸுக்கு நடுவே இருப்பது சுமார் 400 வோல்ட். லோடு குறைவாக உள்ள பேஸில் வோல்டேஜ் எகிறி டி.வி.யும் ஃப்ரிட்ஜ் போர்டும் புகைந்துவிடும். புயல் ஓய்ந்த மறுநாள் ஒரு தெருவே ரிப்பேர் கடைக்குப் போவதற்கு இது ஒரு காரணம். வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கிற ப்ரொடெக்டர் டி.பி.க்குள்ளேயே மாட்டுகிற அளவில் கிடைக்கிறது. இன்றே வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு இடம் விட்டு வையுங்கள். மின்னல், லைன் அதிர்ச்சிக்கான சர்ஜ் ப்ரொடெக்டருக்கும் அதே மாதிரி.

டி.பி.: ஒரே ஆர்.சி.சி.பி.யா, பேஸுக்கு ஒன்றா, சர்க்யூட்டுக்கு ஒன்றா

உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது. எம்.சி.பி., அதாவது நாம் ட்ரிப்பர் என்பது, வயரைக் காக்கிறது: லோடு மிஞ்சினாலோ ஷார்ட் ஆனாலோ விழும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் ஒன்றா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வருவதற்குள் துண்டித்துவிடும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. இரண்டும் வேண்டும், வீட்டுக்கு ஆர்.சி.சி.பி. சட்டப்படியே தேவை. எனவே போடலாமா வேண்டாமா என்பது கேள்வி இல்லை. எத்தனை, எங்கே என்பதுதான் கேள்வி.

முதல் வழி, வழக்கமான வழி: நாலு வழி டி.பி.என். பெட்டி (மூன்று பேஸும் நியூட்ரலும் வருகிற பெட்டி, பேஸுக்கு நாலு வழி), மெயினில் மூன்று பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுகிற 63 ஆம்பியர் நாலு போல் ஆர்.சி.சி.பி. ஒன்று, அதற்குக் கீழே பன்னிரண்டு எம்.சி.பி. செலவு குறைவு, வேலை சுலபம். வயர்மேன் நியூட்ரலை எங்கே கொண்டுபோய் சேர்த்தாலும் பிரச்சினை தெரியாது. ஐப்பசி மழை பிடிக்கிற வரை எல்லாம் நன்றாக இருக்கும். வாசல் விளக்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினால் ராத்திரி இரண்டு மணிக்கு ஏ.சி., ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒன்றாக நிற்கும். அந்த நேரத்தில் எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கிப் பார்க்க வேண்டும். இதில் ஒரு கொடுமையும் உண்டு. நியூட்ரல் வயர் ஈரச் சுவரிலோ எர்த்திலோ பட்டுக்கொண்டிருந்தால் அந்த எம்.சி.பி.யை இறக்கினாலும் ஆர்.சி.சி.பி. ஏற்றிய நிலையில் நிற்காது, ஏனென்றால் சிங்கிள் போல் எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டும். பொறுமை இழந்த வீட்டுக்காரர் கடைசியில் ஆர்.சி.சி.பி.யையே கழற்றி நேராக இணைக்கச் சொல்கிறார். அப்படி இணைத்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போட்ட பாதுகாப்பைக் கழற்ற வைக்கிற டிசைன், என் கணக்கில், மலிவான டிசைன் இல்லை.

மழை இல்லாத நாளிலும் தொல்லை வரலாம். 30 மில்லி ஆம்பியர் என்று மேலே எழுதியிருந்தாலும் 15-ஐத் தாண்டியதும் விழ அதற்கு அனுமதி உண்டு. கம்ப்யூட்டர், எல்.இ.டி. டிரைவர், இன்வெர்ட்டர் ஏ.சி. ஒவ்வொன்றின் ஃபில்டரும் கொஞ்சம் எர்த்துக்கு விடும். அது கோளாறு இல்லை, அதன் இயல்பு. வீடு முழுவதையும் ஒரே காவலாளியிடம் விட்டால் இந்தச் சில்லறைகள் சேர்ந்தே அவரைத் தொட்டால் விழுகிற நிலையில் வைத்திருக்கும்.

இரண்டாவது வழி: பேஸுக்கு ஒரு ஆர்.சி.சி.பி. கடையில் பி.பி.ஐ. டி.பி. என்று கேளுங்கள், செவன் செக்மென்ட் என்றாலும் எடுத்துத் தருவார்கள். மெயினில் நாலு போல் எம்.சி.பி. அல்லது ஐசொலேட்டர் (மெயின் ஸ்விட்ச்), அதற்குப் பிறகு மூன்று டபுள் போல் ஆர்.சி.சி.பி., ஒவ்வொன்றுக்கும் கீழே அந்தந்த பேஸின் எம்.சி.பி.கள். ஒரு பேஸில் கசிந்தால் வீட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இருளும். ஒவ்வொரு பேஸிலும் ஒரு ஏ.சி., இரண்டு அறையின் விளக்கு என்று பிரித்து வைத்தால் எந்த நேரத்திலும் தளத்துக்கு ஒரு விளக்காவது எரியும்.

இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும், அது நியூட்ரல் ஒழுக்கம். மூன்று பேஸையும் ஆர், ஒய், பி என்பார்கள்; ஆர் பேஸில் போன மின்சாரம் ஆர் பேஸின் ஆர்.சி.சி.பி. வழியாகவேதான் திரும்ப வேண்டும். நம் வயர்மேன்கள் பலருக்கு நியூட்ரல் என்றால் எல்லாம் ஒன்றுதான், பக்கத்து ஸ்விட்ச் பாக்ஸில் கிடைத்த கறுப்பு வயரோடு முறுக்கிவிடுவார்கள். அப்படி ஒரு இடத்தில் செய்தால் போதும், ஃபேன் போட்டவுடன் இரண்டு ஆர்.சி.சி.பி. சேர்ந்து விழும். அதனால் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் டி.பி.யிலிருந்தே தனி நியூட்ரல், தனி எர்த். இது பூச்சுக்கு உள்ளே போகிற விஷயம். பெட்டியை நாலு போல் ஒன்றோடு ஆரம்பித்தாலும் நியூட்ரலைப் பிரித்து இழுத்து வையுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு பேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் பேஸ் செலக்டர் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயம்தான், ஆனால் செலக்டர் ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால் பேஸ் ஒரு பக்கம், நியூட்ரல் ஒரு பக்கம் என்று ஆகி உடனே விழும்.

மூன்றாவது வழி: ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஆர்.சி.பி.ஓ. எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டும் ஒன்றில் அடங்கியது. கசிகிற சர்க்யூட் மட்டும் விழும், வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதுதான் சிறந்தது. ஆனால் ஒன்றின் விலை சாதாரண எம்.சி.பி.யைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை இரண்டு மாட்யூல் (ஒரு எம்.சி.பி.யின் அகலம் ஒரு மாட்யூல்) இடம் எடுப்பவை, எனவே பெட்டியும் இரண்டு மடங்கு பெரிதாக வேண்டும். படுக்கையறை விளக்குக்கும் ஃபேனுக்கும் இந்தச் செலவு எனக்கு அதிகமாகவே படுகிறது.

என் தேர்வு கலப்புதான்: வீட்டுக்கு உள்ளே இருப்பதற்கு பி.பி.ஐ. பெட்டி, தண்ணீரோடு பழகுகிறவற்றுக்கு ஆர்.சி.பி.ஓ. வாசல் விளக்கு, மொட்டை மாடி விளக்கு, போர்ட்டிகோ பிளக், போர் மோட்டார், வாஷிங் மெஷின், கீசர்கள். இவற்றுக்கென்று சின்னதாக ஒரு தனிப் பெட்டி வைத்து அதற்குள் ஆர்.சி.பி.ஓ.க்களை மாட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்தப் பெட்டிக்கான லைனை 30 மில்லி ஆர்.சி.சி.பி.க்குக் கீழே இருந்து எடுக்கக் கூடாது. எடுத்தால் வாசல் விளக்கு கசியும்போது எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தே விழலாம். மெயின் எம்.சி.பி.க்கு அடுத்து, ஆர்.சி.சி.பி.களுக்கு முன்னால் பிரித்தெடுக்க வேண்டும். பேஸோடு நியூட்ரலையும் வெட்டுகிற ஆர்.சி.பி.ஓ.வாகப் பார்த்து வாங்கினால் மேலே சொன்ன ஈர நியூட்ரல் தொல்லையும் போய்விடும்.

வாங்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். வீட்டுக்கு வாங்குகிற ஆர்.சி.சி.பி.யில் பொதுவாக ‘ஏ.சி.’ வகை (குளிர்சாதனம் இல்லை, மாற்று மின்சாரம்), ‘ஏ’ வகை என்று இரண்டு உண்டு. இன்வெர்ட்டர் ஏ.சி., புது வாஷிங் மெஷின் போன்றவை உள்ளே மின்சாரத்தை டி.சி.யாக்கி வேலை செய்பவை. அவற்றின் கசிவு துடிப்பான டி.சி.யாக வந்தால் முதல் வகைக்குத் தெரியாமல் போகலாம். இரண்டாவது வகையைக் கேட்டு வாங்குங்கள். இது வெளியே நிற்கிற பொருள்தான், ஆனால் விலை வித்தியாசம் மன்னிக்கக் கூடியது.

யு.பி.எஸ். லைன்

த்ரீ பேஸ் வீட்டில் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுகிறது என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் யு.பி.எஸ். இருக்கும். வழக்கமாக என்ன செய்கிறார்கள் என்றால், யு.பி.எஸ்.ஸிலிருந்து பேஸை மட்டும் எடுத்து எல்லா அறை விளக்குகளுக்கும் ஓட்டிவிட்டு, நியூட்ரலை வீட்டின் பொது நியூட்ரலோடு விட்டுவிடுகிறார்கள். யு.பி.எஸ். சொருகியிருப்பது ஒரு பேஸின் ஆர்.சி.சி.பி.யில், விளக்கின் நியூட்ரல் திரும்புவது இன்னொன்றில். கணக்கு எப்படி ஒத்துவரும்?

இதில் இரண்டு வழி. ஒன்று, யு.பி.எஸ். சர்க்யூட்டுகள் அனைத்தையும் ஒரே பேஸில், ஒரே ஆர்.சி.சி.பி.க்குக் கீழே வைப்பது. பெட்டி மிச்சம், ஆனால் அந்த பேஸில் கசிந்தால் அத்தனை விளக்கும் போகும். மற்றது, யு.பி.எஸ்.ஸுக்கு உள்ளே போகிற லைனுக்கு மெயினிலிருந்து தனி எம்.சி.பி., வெளியே வருகிற லைனுக்கு அதன் சொந்த ஆர்.சி.சி.பி., சொந்த நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் வயர்கள் சேருகிற பட்டை), எட்டு வழியில் ஒரு சின்னப் பெட்டி. நான் சொல்வது இரண்டாவதை. யு.பி.எஸ். ரிப்பேருக்குப் போகும் காலத்துக்கு ஒரு பைபாஸ் ஸ்விட்ச் வேண்டும், அது நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற டபுள் போலாக இருக்கட்டும்.

ஆக, இந்த வீட்டில் மூன்று பெட்டி: உள் பெட்டி, வெளிப் பெட்டி, யு.பி.எஸ். பெட்டி. மாடிக்கும் தனியாக ஒன்று வேண்டுமா என்றால், நான் வேண்டும் என்பேன். மாடிக்குப் பத்து சர்க்யூட் என்று வைத்து, தரைத்தளப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றும் கூடுதலாக 12 மீட்டர் ஓடினால், பேஸ், நியூட்ரல், எர்த் சேர்த்து 360 மீட்டர். நாலு காயில் வயர். அதற்குப் பதில் 6 ஸ்கொயரில் (சதுர மில்லிமீட்டர்) மூன்று பேஸ், நியூட்ரல், எர்த் என ஐந்து வயர் 12 மீட்டர் ஏறினால் 60 மீட்டரில் முடிந்துவிடும். மிஞ்சுகிற காசில் பெட்டி வந்துவிடும். மாடியை என்றாவது வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

வயர் அளவு பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை: விளக்கு ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4. மோட்டாருக்கும் ஏ.சி.க்கும், தொடங்கும்போது கூடுதலாக இழுப்பதற்கு விழாத சி வகை எம்.சி.பி., மற்றதுக்கு பி வகை போதும். எர்த் குழியை மட்டும் மோட்டாருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு மூலை என்று விடாமல், பிறகு தண்ணீர் ஊற்றவும் அளந்து பார்க்கவும் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

இன்டர்நெட்: வைஃபை மட்டுமா, மெஷ்ஷா, கேபிளா

“எல்லாம்தான் வைஃபை ஆகிவிட்டதே, இன்னும் எதற்குக் கேபிள்?” என்பது நியாயமான கேள்வி. ஒரே தளத்தில் 600 சதுர அடி வீடென்றால் ஹாலில் ஒரு ரவுட்டர் போதும், மேற்கொண்டு இந்தப் பகுதியைப் படிக்கவே வேண்டாம். நம் வீட்டில் நடுவே கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இருக்கிறது, சுவர்கள் ஒன்பது இஞ்ச். வேகம் தருகிற 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தத் தளத்தைக் கடக்கும்போது பெரும்பகுதியை இழந்துவிடும். கடந்து வருகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. தளத்துக்கு ஒரு வைஃபை பெட்டி தேவை என்பது உறுதி. அந்த இரண்டும் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்ளப் போகின்றன என்பதுதான் தேர்வு.

மெஷ், அதாவது ஒரே வலையாகச் சேர்ந்து வேலை செய்கிற வைஃபை பெட்டிகள், வாங்கினால் காற்றிலேயே பேசிக்கொள்ளும். சுவரை வெட்ட வேண்டாம், இது அதன் பெரிய பலம். வாடகை வீட்டில், கட்டி முடித்த அபார்ட்மென்டில் நானும் அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் மேல் பெட்டி கீழ்ப் பெட்டியோடு பேசுவதும் உங்கள் போனோடு பேசுவதும் ஒரே அலையில் என்றால் வேகம் பாதியாகிவிடும். மூன்று பேண்ட் உள்ளவை இதைச் சமாளிக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். அவையும் அதே கான்கிரீட்டைத்தான் கடக்க வேண்டும். அப்புறம், கரண்ட் வயர் வழியாகவே இன்டர்நெட் அனுப்புகிற பவர்லைன் அடாப்டர் என்று ஒன்று உண்டு. த்ரீ பேஸ் வீட்டில் அதை நம்ப வேண்டாம். கீழே ஆர் பேஸ், மாடியில் ஒய் பேஸ் என்றால் சிக்னல் தாண்டுவதே சந்தேகம்.

கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்குக் கேபிள்தான். மெஷ் பெட்டியையே வாங்கினாலும் அதன் முதுகில் ஒரு கேபிள் வந்து சேர்ந்தால் மேலே சொன்ன குறைகள் போய்விடும். மெஷ்ஷா கேபிளா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதே கடைக்காரர் கிளப்பிவிட்ட சண்டை.

எந்தக் கேபிள்? கேட்-5இ இன்றைய இணைப்புகளுக்குப் போதும், 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் போகும். கேட்-6 அதைவிடச் சற்றுத்தான் கூடுதல் விலை. 55 மீட்டர் வரை 10 கிகாபிட் தாங்கும், நம் வீட்டில் எந்த ஓட்டமும் 30 மீட்டரைத் தாண்டாது. கேட்-6ஏ தடிமன், விறைப்பு, முக்கால் இஞ்ச் பைப்பில் இரண்டு போட்டால் இழுக்க மூச்சு வாங்கும். அதற்கு மேல் 7, 8 என்று எழுதியிருப்பது இந்த வேலைக்குத் தேவையே இல்லை. கேட்-6 எடுங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியை அதே பெயரில் பாதி விலைக்கு விற்கிறார்கள், அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். கேமராவுக்கு அதே கேபிளில் கரண்டும் போவதால் அலுமினியம் சூடாகும், முனையும் சீக்கிரம் முறியும்.

பாயிண்ட் எத்தனை? டி.வி.க்கு இரண்டு, படுக்கையறைக்கு ஒன்று வீதம் மூன்று, தளத்துக்கு ஒரு வைஃபை பெட்டி என்று கூரையில் இரண்டு, வெளியே கேமராவுக்கு நாலு, வாசல் வீடியோ பெல்லுக்கு ஒன்று. பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஒரே மையத்திலிருந்து நேராக ஓட வேண்டும். மின்சார பாயிண்ட் போல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு லூப் அடிக்க முடியாது. வயர்மேனிடம் இதை முதல் நாளே அழுத்திச் சொல்லிவிடுங்கள், பழக்கதோஷத்தில் கை அப்படித்தான் போகும். கூரை வைஃபை பெட்டி, கேமரா, பெல் ஆகிய ஏழுக்கும் கேபிளிலேயே கரண்ட் கொடுக்கிற எட்டு போர்ட் பி.ஓ.ஈ. ஸ்விட்ச் (விளக்கு ஸ்விட்ச் இல்லை, இன்டர்நெட் கேபிள்கள் வந்து சேருகிற பெட்டி) ஒன்று, மற்ற ஐந்துக்கு சாதாரண ஸ்விட்ச் ஒன்று. கேமராவுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் தேட வேண்டியதில்லை, கரண்ட் போனாலும் யு.பி.எஸ். இருக்கிற வரை ஓடும்.

பணம் குறைவு, இப்போது கேபிள் வேண்டாம் என்றாலும் பைப்பை விட்டுவிடாதீர்கள். வெறும் பைப்பில் நைலான் கயிறோ கட்டுக்கம்பியோ போட்டு, மூடி மாட்டி வைத்தால் போதும். தரைத்தளத்துக் கூரைப் பாயிண்டுக்கான பைப் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் தளத்தில் இருக்க வேண்டும் என்பதால் அதுதான் எல்லாவற்றுக்கும் முந்தியது. ஒரு இஞ்ச் பைப்பில் நாலு கேட்-6 சௌகரியமாகப் போகும், முக்கால் இஞ்ச்சில் இரண்டு. திருப்பத்தில் எல்போ கூடாது, நீளமான பெண்ட் போட வேண்டும்.

மின்சார வயர் ஓடுகிற பைப்பில் கேட்-6 போகவே கூடாது. இரைச்சல் தொல்லை இரண்டாவது காரணம். முதல் காரணம், இன்சுலேஷன் உரிந்தால் 230 வோல்ட் நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். பக்கத்தில் ஓடினால் ஒரு அடி இடைவெளி, குறுக்கே தாண்டினால் செங்குத்தாக. ஸ்விட்ச் பாக்ஸும் தனித்தனி.

டி.பி.யையும் இன்டர்நெட் பெட்டியையும் எங்கே வைப்பது

காண்டிராக்டர் கை தானாகப் போவது மாடிப்படிக்குக் கீழே. டி.பி., யு.பி.எஸ்., பேட்டரி, ரவுட்டர் அத்தனையும் அங்கே, கூடவே கோலமாவு டப்பாவும் பழைய பேப்பரும். ஒரே இடத்தில் வைத்தால் பைப் குறையும், உண்மை. ஆனால் டி.பி.க்கு நல்ல இடம் மீட்டருக்கு அருகே, வாசல் பக்கம், நின்றால் கண்ணுக்கு நேரே. இன்டர்நெட் பெட்டிக்கு நல்ல இடம் வீட்டின் நடு. நம் வீட்டில் அது படிக்கட்டு திரும்புகிற லேண்டிங் சுவர்: இரண்டு தளத்துக்கும் பாதி வழி. அதனால் பிரித்தே வைக்கலாம் என்பது என் முடிவு. அந்த இடத்துக்கு மூன்று விஷயம் போய்ச் சேர வேண்டும்: யு.பி.எஸ். லைனிலிருந்து இரண்டு பிளக், எல்லா கேட்-6 பைப்பும், தெருப் பக்கச் சுவரிலிருந்து ஃபைபருக்கென்று ஒரு வெறும் பைப். கடைசியதை விட்டுவிட்டால் இணைப்புக் கொடுக்க வருகிறவர் ஜன்னல் சட்டத்தைத் துளைத்து ஹாலிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவார், மையம் மையமாக இருக்காது. ஃபைபர் கூர்மையாக மடிந்தால் ஒளி கசியும், எனவே அந்தப் பைப்பிலும் நீளப் பெண்ட்தான். பெட்டி இரும்பாக இருந்தால் வைஃபை ரவுட்டரை அதற்குள் அடைக்க வேண்டாம், உள்ளே ஃபைபர் பெட்டியும் ஸ்விட்சும் மட்டும்.

யு.பி.எஸ்.ஸில் ‘யு.பி.எஸ். மோட்’ என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் வைக்காவிட்டால் கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் ரவுட்டர் அணைந்து எழும், வீடியோ காலில் இருப்பவர் திட்டுவார்.

நாளைக்கு வரப்போகிறவை

கார் சார்ஜருக்கு 32 ஆம்பியரில் 7.4 கிலோவாட் வரை போகலாம். இன்றே சார்ஜர் வாங்கச் சொல்லவில்லை. டி.பி.யிலிருந்து போர்ட்டிகோவுக்கு ஒரு இஞ்ச் வெறும் பைப், வெளிப் பெட்டியில் நாலு மாட்யூல் காலி. சோலாருக்கு மொட்டை மாடியிலிருந்து மீட்டர் இருக்கும் சுவர் வரை ஒன்றேகால் இஞ்ச் பைப் ஒன்று, எர்த்துக்கு ஒன்று. 2024இல் வந்த பி.எம். சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருப்பதால் இந்த யோசனை பல வீடுகளில் சீக்கிரமே நிஜமாகிறது. பைப் இல்லாத வீடுகளின் முன்பக்கச் சுவரில் வெள்ளை பி.வி.சி. குழாய் இறங்கியிருப்பதைத் தெருவில் நடந்தாலே பார்க்கலாம்.

மொத்தப் பெட்டியில் கால்வாசி இடம் காலியாக இருக்கட்டும். நாலு வழிக்குப் பதில் ஆறு வழி வாங்குவதில் கூடுவது தகரத்தின் விலை மட்டும்தான்.

பணம் குறைக்க வேண்டுமானால் இந்த வரிசையில் குறைப்பேன்: முதலில் ஸ்விட்ச் பிளேட், அடுத்து ஸ்மார்ட் ஸ்விட்ச் சமாச்சாரம் முழுவதும், பிறகு ரவுட்டரும் பி.ஓ.ஈ. ஸ்விட்சும், அதன் பிறகு படுக்கையறை கேட்-6 கேபிள். பைப்பிலும் தனி நியூட்ரலிலும் ஆர்.சி.சி.பி.யிலும் கை வைக்க மாட்டேன்.

வயர்மேனிடம் பேசும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். கூலி பாயிண்ட் கணக்கில் பேசப்படுகிறது. தனி நியூட்ரல் இழுப்பது, கூடுதல் பெட்டிகள் கட்டுவது, இன்டர்நெட் பைப் போடுவது எதுவும் அந்த பாயிண்ட் ரேட்டுக்குள் அடங்காது. சொல்லாமல் விட்டால் அவர் மேல் தப்பில்லை, பழைய முறையில்தான் செய்வார். எந்த சர்க்யூட் எந்த பேஸ், எந்த ஆர்.சி.சி.பி. என்று ஒரு தாளில் அட்டவணை போட்டு, கூடுதல் கூலியையும் பேசி, அதே தாளின் நகலை டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டிவிடலாம். கேட்-6 முனை கட்டுவதை வயர்மேனிடம் விடாமல் கேமரா மாட்டுகிறவரிடமோ நெட்வொர்க் ஆளிடமோ கொடுங்கள். எட்டுக் கம்பியும் இரண்டு முனையிலும் ஒரே வரிசையில் வர வேண்டிய வேலை அது.

பூச்சுக்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை விரித்து வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கூலியைக் கொடுப்பதற்கு முன்னால், எல்லா ஆர்.சி.சி.பி.யிலும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அப்புறம் ஒரு பேஸின் ஆர்.சி.சி.பி.யை மட்டும் இறக்கிவிட்டு, மற்ற இரண்டு பேஸின் விளக்கு, ஃபேன், பிளக் எல்லாவற்றையும் லோடோடு ஓடவிடுங்கள். இதையே மூன்று பேஸுக்கும் செய்யுங்கள். எங்காவது நியூட்ரல் மாறியிருந்தால் அப்போதே விழும், வயர்மேனும் பக்கத்திலேயே இருப்பார்.